துல்பா எஃபெந்தி கீழே வைத்த கோப்பை

தன் செலவில் ஐரோப்பாவில் படிக்கும் ஐந்து மாணவர்களையும் கெய்ரோ பல்கலைக்கழகம் பாதியிலேயே திருப்பி அழைக்கப் போகிறதாம் என்ற சேதி, பாதி முகம் சவரமான நேரத்தில் துல்பா எஃபெந்தியின் காதில் விழுந்தது. நாவிதர் கமீலுக்கு அதைச் சொன்னவர் அவருடைய சகலை. சகலை, பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவர் தர்வீஷ் பாஷாவின் வண்டிக்காரர்.

"ஆடாதீங்க எஃபெந்தி, கையில கத்தி இருக்கு," என்றார் கமீல். "நிர்வாகக் குழுக் கூட்டத்துல உக்காந்து எழுதுறது நீங்க. உங்களுக்குத் தெரியாதது என் சகலைக்குத் தெரியுது. குதிரைக்கும் தெரிஞ்சிருக்கும் போங்க!"

துல்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐவரில் லியோன் நகரத்தில் இருந்தவன் அவர் தம்பி ஸப்ரி. ஆய்வுரையை முடிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும். இப்போது கப்பலேறினால், போனது போலவே வெறுங்கையோடுதான் திரும்புவான்.

அப்பா இறந்தபோது துல்பாவுக்குப் பத்தொன்பது வயது, ஸப்ரிக்கு எட்டு. ஃபய்யூமிலிருந்து கெய்ரோவுக்கு வந்து ஒரே அறையில் ஒரே கட்டிலில் படுத்து, காலையில் மொச்சைக் கூழும் ரொட்டியும் தின்று இருவரும் காலம் தள்ளினார்கள். பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷம் துல்பா அதில் எழுத்தராகச் சேர்ந்தார். வாடகை வீட்டின் மாடிதான் அன்றைக்குப் பல்கலைக்கழகம். சாயங்காலம் வாயு விளக்கை ஏற்றி, நாற்காலிகளைத் தாமே தூக்கிப் போடுவார். தலைப்பாகைக்காரர்களும் தர்பூஷ் குல்லாக்காரர்களும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். இத்தாலியப் பேராசிரியர் ஒருவர், வேதம் ஓதுகிற அரபியில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கடைசி பெஞ்சில் ஸப்ரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவான். பின்னாளில் கல் கட்டடமும் மணிக்கூண்டும் வந்தன. ஆனால் துல்பாவுக்குப் பல்கலைக்கழகம் என்றால் கடைசிவரை அந்த மாடிதான்.

அலுவலகத்துக்குப் போனதும் பாஷாவிடமே கேட்டார்.

"உண்மைதான் துல்பா," என்றார் பாஷா. "பெரிய மனுஷங்க மேடையில வாக்குக் குடுத்தாங்க, கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க, பணம் வரல. ஞாயித்துக்கிழமை குழு முடிவு பண்ணுது. ஃபய்யூம்ல ஷேக் மஜாவிர் மட்டும் பாக்கி. இருநூறு ஃபெத்தான் நிலத்தை நம்ம பேருக்கு அறக்கட்டளையா எழுதி வச்சார்னா அஞ்சு பேரும் படிச்சு முடிச்சுடலாம். காகிதங்களை எடுத்துக்கிட்டு நீயும் வா."

ஷேக் மஜாவிர் பாலைவனத்து அரபுக் குடியைச் சேர்ந்தவர். மூன்று தலைமுறையாக உழுது வாழ்ந்தும் குடிவழக்கத்தை விடாதவர். ஃபய்யூமில் அவர் வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்ததும் ஏலக்காய் மணக்கும் காப்பி வந்தது. பாரிஸில் படித்த பாஷா அதை மூன்றே மடக்கில் குடித்து, "அடடா, இந்த ருசி கெய்ரோவுல ஏது!" என்று பாராட்டிவிட்டு, பிறகு பேச்சை எடுத்தார்.

துல்பா அந்தக் காலிக் கோப்பையைப் பார்த்தார். அவர் தாய்மாமன் வீட்டிலும் இதே வழக்கம்தான். ஒன்றை வேண்டி வந்தவன், அது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை காப்பியைத் தொடாமல் கீழே வைக்க வேண்டும். அவன் குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அவமானம். குடித்துவிட்டால், சும்மா பார்க்க வந்தவன் என்று அர்த்தம். பாஷா குடித்துத் தீர்த்துவிட்டார்.

"அல்லா நாடினா பார்க்கலாம்," என்றார் ஷேக், புன்னகையோடு. அவ்வளவுதான். பாஷா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

கடைசிக் கோப்பை எழுத்தருக்கு வந்தது. துல்பா அதை வாங்கி, தமக்கு முன்னால் கம்பளத்தின் மேல் வைத்தார்.

"என்ன துல்பா இது? குடி!" என்று பல்லைக் கடித்தார் பாஷா.

ஷேக் கையை உயர்த்தி அவரை அடக்கினார். "நீ எந்த ஊருப்பா?"

"இந்தப் பக்கம்தாங்க. எங்கம்மா ஊரு ஏரிக்கரை."

"அதானே பார்த்தேன். கெய்ரோக்காரனுக்கு இது எங்க தெரியப் போவுது? என்ன வேணும், சொல்லு."

தம்பிக்கு ஒரு வருஷப் படிப்புச் செலவு என்று கேட்டிருந்தால், இந்த மனிதர் அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்திருப்பார். அது துல்பாவுக்குத் தெரியும்.

"பாஷா கேட்டதுதாங்க எனக்கும் வேணும். அஞ்சு பேரும் படிச்சு முடிக்கணும். அதுல ஒருத்தன் என் தம்பி, அதையும் மறைக்கல."

ஷேக் வாய்விட்டுச் சிரித்தார். "பாஷா, அடுத்த தடவை இவனை முன்னால உக்கார வச்சு நீங்க காகிதம் தூக்கிட்டு வாங்க!" பிறகு நிதானமானார். "குடிப்பா. என் பங்கு குடுத்தாச்சு. ஆனா நிலத்துல பாதி என் தங்கச்சியோடது. கெய்ரோவுல, ஹில்மிய்யாவுல இருக்கா. அவ சம்மதிக்காம ஒரு பிடி மண்ணைக்கூட எழுத முடியாது. பாதி நிலத்தை வச்சு உங்க அஞ்சு பேருக்கும் ஆகாது. சனிக்கிழமை அங்க வந்து அவகிட்டப் பேசுறேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போன் போடு."

காப்பி ஆறிப்போயிருந்தது. துல்பா குடித்தார். திரும்பும் ரயிலில் கீஸா தாண்டியதும் பாஷா, "முன்னாலயே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

"நீங்க கேக்கலையே பாஷா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு முறை இணைப்பு கேட்டும் லைன் கிடைக்கவில்லை. குழு கூடிவிட்டது. "மாணவர் விஷயத்தைக் கடைசியா எடுக்கிறேன். அதுக்குள்ள ஆம், இல்லைன்னு ஒரு வார்த்தை கொண்டு வா," என்று சொல்லிவிட்டு பாஷா உள்ளே போனார்.

நடைக்கூடத்துச் சுவரில் இருந்த தொலைபேசியின் கைப்பிடியைத் துல்பா மறுபடி சுழற்றினார். இந்த முறை லைன் கிடைத்தது. ஹில்மிய்யா வீட்டில் மணி அடித்தது. கூட்ட அறைக்குள் கூரை பழுது பற்றிய பேச்சு முடிந்து, நூலகத்துக்கு அலமாரி வாங்கும் பேச்சும் முடிந்தது. தேர்வுத் தேதிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள், அதுவும் அடங்கியது.

"யாரும் எடுக்கலைங்க. வச்சுடட்டுமா?" என்றது இணைப்பகத்துப் பெண் குரல்.

"வேண்டாம்மா. அடிக்கட்டும்."

உள்ளே பாஷா தொண்டையைக் கனைத்து, "அப்ப, ஐரோப்பாவுல இருக்கிற மாணவர்கள்," என்று தொடங்கினார். ஒரு காதை மூடி, மறு காதில் குழலை அழுத்திக்கொண்டு நின்றார் துல்பா. ஹில்மிய்யாவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.