முதுகில் விழுந்த மடிப்பு

அவளை எல்லாரும் ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்ற அம்மாவே சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, தவறியதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே பேசிக்கொண்டு போவாள்.

கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே மேடை போட்டாலும் போய் ஆடும் நடனக் குழு ஒன்றில் அவள் இருந்தாள். சேர்ந்த புதிதில் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றாள். அங்கே விளக்கு வெளிச்சம் பாதி உடம்பில்தான் விழும். அவளை முன்வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்தது ஒரு மடிப்பு.

பாட்டு முடியும் இடத்தில் பெண்கள் எல்லாரும் பின்னால் வளைந்து தரையில் கை ஊன்ற வேண்டும். மற்றவர்கள் வில் மாதிரி வளைவார்கள். இவள் மட்டும் இடுப்புவரை நேராக நின்று, அதற்குமேல் ஒரே இடத்தில், காகிதத்தை மடித்தாற்போல் மடிவாள். பார்ப்பவர்களுக்கு ஒரு கணம் மூச்சு நிற்கும். பிறகு விசில் பறக்கும். குழுவை நடத்தி ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் அதற்கு மடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார். விழாவுக்கு ஆள் பேச வருகிறவர்கள்கூட, "மடிப்பு உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சுக்குப் போவார்கள்.

வீட்டிலும் அவளுக்கு இருந்த மரியாதை அந்த மடிப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த வரன் எல்லாம் ஆடுகிற பெண் என்று தட்டிப்போன பிறகும் அம்மா அவளுக்குத்தான் முதலில் தட்டு வைத்தாள். அதே குழுவில் கடைசி வரிசையில் ஆடிய தங்கைக்கு மிச்சம் மீதிதான். சின்னவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தட்டைப் பார்ப்பாள், அக்காவைப் பார்ப்பாள், சாப்பிடுவாள்.

ஒத்திகைக் கூடம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே பஞ்சு, மேலே வெறும் சிமெண்டுத் தரை. அந்தத் தரையில்தான் அவளுக்கு வலி ஆரம்பித்தது. முதலில் ஆடி முடித்த பிறகு வலித்தது. அப்புறம் ஆடும்போதே வலித்தது. கடைசியில் பல் விளக்கக் குனிந்து நிமிர்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. தைலம் தேய்த்தாள், மாத்திரை விழுங்கினாள். மாஸ்டரிடம் சொன்னபோது, "வலிச்சாதான் வளையுதுன்னு அர்த்தம்" என்றார். குழுவில் எல்லாரும் நம்பியது அதைத்தான். அவளும் நம்பினாள்.

ஒருநாள் மேடைக்குப் பின்னால், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் துணிக்காரம்மா அவளுடைய முதுகில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னடி இது, முதுகுல படி கட்டி வச்சிருக்கே? விரல் உள்ள போகுது."

"சும்மா மாட்டுங்கக்கா."

"ஏய், இங்க வாங்கடி எல்லாரும். ரப்பருக்கு முதுகுலயும் தொப்புள் முளைச்சிருக்கு."

ஒவ்வொருத்தியாக வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி பொட்டு ஒட்டிவிட்டுப் போனாள். சிரிப்பு அடங்கப் பாட்டே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் அவள் பொட்டோடு மடிந்தாள், விசிலும் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது இடது காலில் செருப்பு இல்லை என்று எதிரே வந்த ஒருவர்தான் சொன்னார். அது எந்தத் தெருவில் கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

எலும்பு டாக்டர் அவள் வயதுப் பெண்தான். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முதுகெலும்பு அடுக்கி வச்ச டப்பா மாதிரிம்மா. ஒவ்வொண்ணும் அடுத்ததைக் கொக்கி போட்டுப் பிடிச்சிருக்கும். உங்களுக்கு இந்த இடத்துல கொக்கி உடைஞ்சிருக்கு. மேல இருக்கற எலும்பு முன்னால வழுக்கிடுச்சு. பள்ளம் தெரியறது அதனாலதான்."

"நான் எங்கயும் விழலையே டாக்டர்."

"விழ வேணாம். கம்பியை ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மடிச்சா என்ன ஆகும்? பின்னால வளையறப்போ முதுகு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் வளையணும். நீங்க மொத்தத்தையும் ஒரே எலும்பு தலையில போட்டிருக்கீங்க."

"அதுக்குத்தான் டாக்டர் கைதட்டறாங்க."

டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தாள். இனிமேல் பின்னால் வளையவே கூடாது, பெல்ட் போட வேண்டும், வயிற்றுக்கும் முதுகுக்கும் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும், மரப்பு கூடினால் ஆபரேஷன்வரை போகும் என்றாள்.

மாஸ்டர் எக்ஸ்ரே உறையைப் பிரிக்கவே இல்லை.

"வளைய மாட்டேன்னா உன்னை வச்சு நான் என்ன பண்றது? கொடி கட்டவா?"

அவள் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உன் தங்கச்சியை நடுவுல நிறுத்தறேன். அவளுக்கு மடிப்பு வர வை. வந்துச்சுன்னா நீ என் அசிஸ்டென்ட். உக்காந்துகிட்டே வேலை. வரலேன்னா ரெண்டு பேருமே வேற இடம் பாருங்க."

அன்று சாயங்காலம் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சின்னவளுக்குக் காட்டினாள்.

"என்னக்கா இது, நண்டு மாதிரி இருக்கு?"

"இங்க பாரு. மடிப்புன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். எலும்பு உடைஞ்சிருக்குடி. நீ வில்லு மாதிரி அழகா வளையறே. அதுவே போதும்."

சின்னவள் எக்ஸ்ரேயை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நீ நடுவுல நின்னவரைக்கும் உன் முதுகு நல்லாத்தான் இருந்துச்சு. நான் வரப்போறேன்னதும் உடைஞ்சு போச்சா?"

"சத்தியமாச் சொல்றேன்டி."

"சொல்லு, சொல்லு. இத்தனை வருஷம் நான் உன் பின்னால நின்னு உன் ஜடையைத்தான்க்கா பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள். "அவ வளரட்டுமே, உனக்கு ஏன் வயிறு எரியுது?" இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு முதலில் சின்னவளுக்குப் போனது.

பயிற்சி தொடங்கியது. சின்னவள் குப்புறப் படுப்பாள். அக்கா முதுகில் முட்டியை வைத்து, இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். எந்த இடத்தில் முட்டி வைத்தால் மடிப்பு வரும் என்பது குழுவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது தெரிந்ததால்தான் அவள் முட்டியை மேலே, தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். இழுப்பதுபோல் முகத்தைச் சுளித்து, இழுக்காமல் விட்டாள். சின்னவள் நாளுக்கு நாள் அழகாக வளைந்தாள், வில்லாகவே வளைந்தாள். மாஸ்டர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வில்லு கடைக்குக் கடை கிடைக்கும். எனக்கு அது வேணாம்" என்றார் ஒருநாள். மறுநாள் ஒத்திகைக்கு நடுவே எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "ரப்பர், உன் பெல்ட்டு பையெல்லாம் எடுத்துக்கோ. சாயங்காலம் வேற பொண்ணு வருது. நாளையிலேருந்து வராதே."

துணிக்காரம்மா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சின்னவள் தரையில் படுத்தபடியே தலையைத் திருப்பினாள்.

"வேணும்னேதான மாஸ்டர் பண்றா. எனக்கு வந்துடக் கூடாதுன்னு."

ரப்பருக்கு வீடு நினைவுக்கு வந்தது. அடுக்களை ஓரம், தனக்குக் கடைசியாக வரும் தட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இவளுக்கு முதுகு போச்சு" என்று அம்மா சொல்லப்போவது. உட்கார்ந்துகொண்டே செய்யும் ஒரு வேலை உலகத்தில் வேறெங்கும் அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

"ஒரு தடவை பாருங்க மாஸ்டர்" என்றாள்.

குனிய முடியாமல் சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, தங்கையின் முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாள். இடுப்புக்குச் சற்று மேலே விரல் நின்றது. அங்கே முட்டியை வைத்தாள். தோள்களைப் பிடித்து இழுத்தாள், இந்தத் தடவை நிஜமாகவே.

"அக்கா, அங்க வேணாம். அங்க வலிக்குது."

"அங்கதான்."

சின்னவள் கத்தினாள். மேல் முதுகு நேராக நின்றது, கீழே ஒரே இடத்தில் மடிந்தது. கண்ணாடி முன்னால் நின்ற பெண்கள் திரும்பினார்கள். மாஸ்டர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாள் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" என்றவர், சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்துவந்து ரப்பர் பக்கத்தில் போட்டார். "இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் இதை வரவச்சிடு."

சின்னவள் தரையில் கன்னத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகியது. அதைத் துடைக்காமலே கேட்டாள்.

"நல்லா வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"மாஸ்டர் பாத்தாரா?"

"பாத்தார்."

"அப்ப இன்னொரு தடவை அழுத்து. மறந்துடறதுக்குள்ள."

அவள் முட்டியை வைத்தாள்.