இரண்டாவது முறை விழுந்த பகடை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொருத்தம் பார்த்தது பூக்கட்டித்தான். சிவப்புத் தெச்சியை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பிச்சியை இன்னொன்றிலும் பொதிந்து சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிச்சி வந்தால் சம்மதம். எனக்குத் தெச்சி வந்தது. மனசு ஒருமித்து நிற்கவில்லை என்று சொல்லி அம்மா மறுபடி கட்டினாள். அதுவும் தெச்சி. மூன்றாவதில்தான் பிச்சி. வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனாலும் சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டே சொல்வார்: “மொத ரெண்டு தடவயும் தெச்சியில்லா வந்துது, ஏட்டி.” இருபது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் பட்ட நான்தான் அம்மா செய்ததையே செய்தேன்.

திருவட்டாற்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஒன்பதோடு நின்றது. மிச்சத்தைக் கடைக்கு வருகிறவர்களின் பேச்சு கற்றுத்தந்தது. ஆள் வராத நேரத்துக்குப் போனில் ஒரு விளையாட்டு. பத்துப் பேர் குழு. நாங்களே உண்டாக்கிய நாடு, நடுவே ஓர் ஆறு. ஆளுக்கொரு வேஷம், அந்த வேஷம் செய்வதையும் பேசுவதையும் அவரவர் எழுதுவார்கள். நான் நடுவர். உயிருக்கு ஆபத்தான கட்டம் வந்தால் பித்தளைத் தட்டில் பகடை போட்டுப் படம் எடுத்துக் குழுவில் இடுவேன். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைக்கலாம். குறைந்தால் சாவு. ஒரு தடவைதான் போடுவது. செத்தவர் திரும்பக் கூடாது. சாவை அந்த வேஷக்காரரே எழுத வேண்டும். அதுவரை வேறு யாரும் கதையில் ஒரு வரியும் எழுதக் கூடாது. எல்லாம் நான் வைத்த சட்டம்.

போன மாசம், குழுவிலுள்ள எங்கள் ஊர் டீச்சரின் வைத்தியச்சி, பகடையில் இரண்டு விழுந்து செத்துப்போனாள். அந்த வைத்தியச்சியை அவர் ஒரு வருஷம் வளர்த்திருந்தார். இன்னொரு தடவை போடக்கூடாதா என்று கேட்டார். முடியாது என்றேன். அழுதுகொண்டே சாவை எழுதினார். எழுதிவிட்டுப் புது வேஷத்தோடு முதலிலிருந்து தொடங்கினார்.

எங்கள் தோணிக்காரன் வேஷம் குலசேகரத்துத் தம்பி ஒருவருக்கு. வளைகுடாவில் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் சமையல் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் பேசிக்கொண்டே விளையாடுவார். எதற்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு ஆசை என்று ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்: “இஞ்ச எல்லாம் சூப்பர்வைசருக்க மூஞ்சியப் பாத்துத்தான் அக்கா. சோறும் லீவும் எல்லாம். பகடைக்கு மூஞ்சி கெடையாதுல்லா.”

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும் லீவை மூன்றாம் தடவையாக மறுத்துவிட்டார்களாம். இந்த ஒரு தோணிதான் மிச்சம் என்று சிரிக்கப் பார்த்தார். விளையாட்டில் வெள்ளம். தோணிக்காரன் ஆட்களை அக்கரை சேர்க்கவேண்டிய கட்டம். பகடையைப் போட்டேன். மூன்று.

மனசு ஒருமித்து நிற்கவில்லை என்று அம்மாவின் குரலே உள்ளே கேட்டது. எடுத்து மறுபடி போட்டேன். ஐந்து. படம் எடுத்து இட்டேன்.

“அஞ்சு, மக்கா. பொழச்சான்.”

தட்டில் இரண்டு தடவை விழுந்தது கேட்டதே என்றார். கை வழுக்கிவிட்டது என்றேன். முதலில் என்ன விழுந்தது என்று கேட்டார். மூன்று என்று சொன்னேன்.

“அப்போ இதுக்கு முந்தி நான் பொழச்சதெல்லாம்? அதும் உங்களுக்க தயவுதானா அக்கா?”

சத்தியமாக இல்லை என்றேன். அதற்குள் அழைப்பைத் துண்டித்திருந்தார்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். முதலில் விழுந்தது மூன்று, தோணிக்காரன் செத்தான், தப்பு என்னுடையது என்று. டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: “எனக்க வைத்தியச்சிக்கு எத்தன தடவ போட்டிய?” ஒரு தடவைதான். அதற்குச் சாட்சி என் வாய் மட்டும். கை வழுக்கியது என்று சொன்னதும் அதே வாய்தான். இனி பகடை உங்கள் கையில் இருக்கட்டும் என்று டீச்சரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெச்சியை இழுப்பார் என்று தலைகுனிந்து இருந்தேன். இழுக்கவில்லை. நான்தான் கேட்டேன், மூன்றாவதில் பிச்சி வந்தபோது நம்பினீர்களா என்று.

“அந்தப் பிள்ள தன்னால எடுத்துதா, எடுக்க வச்சாவளான்னு எனக்கு இப்பமும் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு என் டீயையும் அவரே ஆற்றித் தந்தார்.

மூன்று வாரமாகிறது. என் செய்தியை அந்தத் தம்பி பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை. ஆனால் குழுவை விட்டுப் போகவும் இல்லை. நீங்களே எழுதி முடியுங்கள், விளையாட்டு நகரட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். நேற்று ‘தோணி கவிழ்ந்தது’ என்று பாதி தட்டினேன். அழித்துவிட்டேன். அதை எழுத வேண்டியது அவர். கடையில் ஆள் நிற்கும்போதுகூடக் கண் போனுக்குப் போகிறது. வெள்ளம் அதே அளவில் நிற்கிறது. மற்ற எட்டு ஆட்களும் கரையில் ஒரு சொல் பேசாமல் நிற்கிறார்கள். நடு ஆற்றில் அவருடைய தோணி.