கைவண்டிக்காரர் மேல் போட்ட பழி

கிடர்பூர் துறைமுகப் பகுதியில் ஆபீஸ் கார் ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் துறைமுக கேட் அருகே மரத்தில் மோதிவிட்டேன். கைவண்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்ததாகச் சொன்னேன். அதை நம்பி, கேட் காவலாளிகள் அவரை அங்கே நிற்கவிடாமல் விரட்டினார்கள்.

எனக்குக் கழுத்து திரும்பவில்லை. டாக்டர் மசாஜுக்கு அனுப்பினார். மசாஜ் செய்யும் ரத்தன்தா ஒருநாள் பின்கழுத்தை அழுத்திக்கொண்டே சிரித்தார்.

"என்ன தம்பி, கழுத்து குனிஞ்சபடி அடிபட்டிருக்கே. இடிக்கிறப்ப ரோட்டைப் பாத்தியா, மடியைப் பாத்தியா?"

மடியில் போன் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைக்குக் கீழேயே அழுதுவிட்டேன்.

"அழு, கழுத்து இளகுது" என்றார்.

மறுநாள் கைவண்டிக்காரரைத் தேடிக் கூட்டிவந்து, கேட்டில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவர், "கழுத்து இப்ப தேவலையா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது போனை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.