பதிவுப் புத்தகத்தில் பொய்ப் பெயர்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு நூலகத்தில் துப்புரவு வேலை செய்தேன். என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. கறுப்பின மக்கள் லண்டனுக்கு வந்த கதைகளைச் சேகரிக்கும் ஒரு ஜமேக்கா அம்மா அங்கே பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள், "நீங்கள் எப்படி வந்தீர்கள்? உங்கள் கதையையும் எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

பிறகு சொல்கிறேன் என்று நழுவினேன். என் அறையில் கூட இருந்த ரவியிடம் சொன்னேன்.

"அண்ணை, கறுப்பு மனுசி எண்டு நம்பிப் போடாதையுங்கோ. எங்கட அகதிக் கேஸைப் பாக்கிற ஹோம் ஆபீஸ் எல்லா நிறத்திலையும் ஆள் வைச்சிருக்கும்," என்று சிரித்தான்.

மறுநாள் பொய்ப் பெயரும் பொய் ஊரும் சொன்னேன். அவர் தன் பதிவுப் புத்தகத்தில் அழகாக எழுதிக்கொண்டார். அதன்பின் அவர் போனில் பேசினாலே என்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

சில வாரம் கழித்து, நான் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் அழுதார். ஒரு பழைய வாடகைப் புத்தகத்தைக் காட்டினார்.

"என் அப்பாவின் கையெழுத்து. கப்பலில் ஒளிந்து வந்தவர். பயத்தில் வேறு பெயர் கொடுத்திருக்கிறார். பதினொரு வருடமாகத் தேடினேன்."

அப்போதும், இது நடிப்போ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்த என் மகளை நினைத்தேன். அவள் தேடி வந்தால், இந்த அம்மாவின் பதிவுப் புத்தகத்தில் நான் இருக்கமாட்டேன். என்னைப் போலவே பயந்து வந்த ஒருவரின் மகளையா சந்தேகப்பட்டேன்?

அடுத்த நாள் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பொய்ப் பெயரை வெட்டாமல், அவர் அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.