பேச்சின் நடுவே ஒரு குலவை

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வரும் ஜீப் டிரைவர் கோம்பை ஊருக்குள் ஹாரன் அடிக்கமாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, "ராமுத்தாயி, கூப்பிடு" என்பார். அவள் ஒரு தடவை குரல் கொடுத்தால் போதும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் தெருத்தெருவாக இறங்கி வருவார்கள். மேலே மலையில் மஞ்சு மூடிக்கொண்டால், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு அவள் குரல்தான் அடையாளம். தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் அவளுக்கு வைத்த பெயர் மைக் சேச்சி.

அந்தக் குரல்தான் குலவையிலும். காளியம்மன் முளைப்பாரி அவள் குலவை இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. அவள் எடுத்தால் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்ள வேண்டும். ஆண்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து கும்பிட வேண்டும். குலவை முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏன் என்று கேட்டவர்கள் இல்லை.

அதனால்தான் அவள் தம்பி செல்லப்பாண்டி அவளிடம் வந்தான். வார்டில் கட்சிக்குச் செயலாளர். போஸ்டர் பசை வாளியோடு அலைந்தே தலை நரைத்தவன்.

"அக்கா, உள்ளாட்சித் தேர்தலுக்கு நம்ம முக்குல கூட்டம். பெரிய பேச்சாளர் வாராக. அவுக மேடை ஏறுறப்ப ஒரு குலவை போட்டுரு. கூட்டம் நல்லா நடந்துட்டா இந்த வாட்டி எனக்குப் பேரூர்ப் பொறுப்பு குடுப்பாகன்னு பேச்சு."

"போட்டாப் போச்சு."

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் கூடியது. பெண்களுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். பேச்சாளர் படி ஏறினார், குலவை விழுந்தது. அவர் பூரித்துப்போய் அதைத் தமிழ்த்தாயின் வாழ்த்து என்றார். பிறகு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை எடுத்தார். நன்றாகவே பேசினார். பின்னாலிருந்து அம்மாவாசி கத்தினான்.

"தண்ணி கெடக்கட்டும்ணே, தெரு வெளக்கு எரியல, அதச் சொல்லுங்க!"

தொண்டர்கள் இருவர் அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார வைத்தார்கள். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அவனுக்கு இதுதான் முடிவு. போகிற வழியிலேயே, "சீனி கம்மியாப் போடச் சொல்லு" என்றான். கூட்டம் சிரித்தது.

சிரிப்பைக் கேட்டதும் பேச்சாளருக்கு ருசி கண்டுவிட்டது. வார்டில் எதிர்த்துப் போட்டியிடும் முனீஸ்வரியின் பேச்சுக்கு வந்தார். அவள் தையல் கடை வைத்திருப்பவள். திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மகள் எட்டாவது படிக்கிறாள்.

"கட்டிய கணவனையே தக்கவைக்கத் தெரியாத அம்மையார் வார்டைத் தக்கவைப்பாராம்! கடை சாத்திய பிறகும் உள்ளே மிஷின் ஓடுகிறதே, யாருக்கு அளவெடுக்கிறார்கள் என்று..."

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

ராமுத்தாய்க்கு முனீஸ்வரியைக் கண்டால் ஆகாது. இவளுடைய பட்டு ரவிக்கையைக் கோணலாக வெட்டிவிட்டு வாயும் பேசியவள். அவளுக்கு ஓட்டுப் போடும் எண்ணமும் இல்லை. ஆனால் குழாய் ஒலிபெருக்கி முனீஸ்வரி வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. அதுவரை திறந்திருந்த கதவை அவள் மகள் வந்து சாத்தியதை ராமுத்தாய் பார்த்தாள்.

மேடையைப் பார்த்தாள். தம்பி துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டு தலை குனிந்திருந்தான். எழுந்து கத்தினால் அம்மாவாசி கதைதான். அவளையும் டீக்கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், பேச்சாளர் மேலே பேசுவார். கூட்டம் கெட்டால் தம்பியின் இத்தனை வருஷமும் போய்விடும். அந்தச் சாத்திய கதவை இன்னொரு தடவை பார்த்தாள். வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

குலவை எழுந்தது. பக்கத்துப் பெண்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் நாக்கு பழக்கத்தில் தானாகச் சுழன்றது. மேடையிலிருந்த உள்ளூர்க்காரர்கள் விறுக்கென்று எழுந்து கும்பிட்டார்கள். பேச்சாளரும் வேறு வழியில்லாமல் கும்பிட்டார். தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துச் சிரித்தார்.

"அந்த அம்மையார்..."

குலவை. மறுபடி எல்லோரும் எழுந்தார்கள்.

"நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், அந்தத் தையல் கடையில்..."

குலவை.

ஒரு தொண்டன் தார்ப்பாய் ஓரம் வந்து கையை நீட்டினான். பக்கத்தில் இருந்த மலையம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏலே, குலவை போடுறவ மேல கை வச்ச, கை வெளங்காமப் போயிரும். அங்கனயே நில்லு."

அவன் அங்கேயே நின்றான். விசிலடித்த பக்கத்திலிருந்து இப்போது ஒரு குரல் வந்தது: "அண்ணே, தண்ணியவே பேசுங்க. தண்ணிக்குக் குலவை வரல!" சிரிப்பு இடம் மாறிவிட்டது. பேச்சாளர் சோடாவைக் குடித்தார். கடைசிவரை அணையை விட்டு இறங்கவில்லை.

கூட்டம் முடிந்து கார் கிளம்பும்போது, அவரோடு வந்த மாவட்டப் பொறுப்பாளர் கண்ணாடியை இறக்கினார்.

"யாருய்யா அந்தப் பொம்பள? எதிர்க்கட்சிக்காரன் ஏவிவிட்ட ஆளா?"

காரைச் சுற்றி நின்றவர்கள் செல்லப்பாண்டியைப் பார்த்தார்கள். ராமுத்தாய் சற்றுத் தள்ளித் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான். சொல்லட்டும், மறுக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

"எங்க அக்காண்ணே" என்றான் செல்லப்பாண்டி. "நான்தான் வரச் சொன்னேன்."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அவன் வந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் மடித்தார்கள்.

"பொறுப்பு போச்சா?"

"போச்சு."

"மேடையிலதான இருந்த. நீயே அவரு சட்டையப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்லடா."

அவன் மடித்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "எனக்குக் குலவை போட வராதேக்கா" என்றான்.

பொறுப்பு வேறு தெருக்காரனுக்குப் போனது. முனீஸ்வரி நன்றி சொல்ல வரவில்லை. ராமுத்தாய் எதிர்பார்க்கவும் இல்லை. கெட்ட ரவிக்கை கெட்டதுதான். ஆனால் இப்போதெல்லாம் எந்தக் கட்சிக்காரர் பேச வந்தாலும் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். முன்வரிசையில் ராமுத்தாய் உட்கார்ந்திருப்பாள். கை மடியில் இருக்கும்.