எரிகிற மருந்தும் எரியாத மருந்தும்

தலையணை உறையில் மஞ்சள் கறையைக் கண்டபோது, மகள் எண்ணெய்யைக் கொட்டிவிட்டாள் என்று அவளைத்தான் ஏசினேன். அடுத்த நாள் காலையும் கறை இருந்தது. முகர்ந்து பார்த்தேன். என் வலது காதிலிருந்து வடிந்த சீழ்.

இடது காது சிறுவயதிலேயே கூகைக்கட்டில் (தாடையோரம் வீங்கும் காய்ச்சல்) போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒன்றுதான். எங்கள் ஊரான அரியாலையில், இந்தப் போரில் காதுதான் உயிர். பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) இரைந்து வருவது கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும். கணவர் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் நான்கு வயது மகளும்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், நடுக்காதுச் சீழழற்சி (செவிப்பறை ஓட்டையாகி உள்ளே சீழ் பிடிப்பது) என்றார். போருக்காக அரசு போட்ட பொருள்தடையால் மருந்துகள் வருவது அருகிவிட்டது. அதனால் அவர் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். பாதிப் பேருக்கு வெளியிலிருந்து வந்த கிருமிக்கொல்லித் துளி. மீதிப் பேருக்கு இங்கேயே கலக்கக்கூடிய போரிக் அமிலத் துளி. போத்தல்கள் ஒரே மாதிரி இருக்கும்.

"உங்கடை போத்திலிலை எது இருக்கெண்டு எனக்கும் தெரியாது, தங்கச்சி. விருப்பமில்லாட்டி விடலாம்."

"எதெண்டாலும் தாங்கோ டொக்டர்," என்றேன். கிணற்றில் விழுந்தவள் கயிற்றின் நிறத்தையா பார்ப்பாள்?

என் துளி விட்டதும் எரிந்தது. வாங்கில் (நீள இருக்கையில்) பக்கத்தில் இருந்த சாவகச்சேரிப் பெண்ணுக்கு எரியவில்லை. எரியாததுதான் நல்ல மருந்து என்று காத்திருந்தவர்களிடையே கதை பரவியது. எனக்குக் கிடைத்தது மட்டமானது என்று கணவரிடம் சொன்னேன்.

நோயாளிகளுடன் வந்தவர்கள் கூடிக் கதைத்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். மண்ணெண்ணெயையும் சவர்க்காரத்தையும் அயல்வீட்டோடு பங்கிட்டுச் சீவிக்கும் சனம். ஒருவருக்கு நல்லது, இன்னொருவருக்கு மட்டமானது என்பதை எப்படிப் பொறுக்கும்? எல்லாத் துளிகளையும் ஒன்றாகக் கலந்து, போத்தல்களில் சமமாக ஊற்றிவிட்டார்கள். சாவகச்சேரிப் பெண்ணின் அண்ணைதான் முதலில் போத்தலை நீட்டினாராம். அந்த மனத்தை இன்றும் கும்பிடுகிறேன்.

என் காது காய்ந்தது. அடுப்படியில் நின்றபடியே, முற்றத்தில் மகள் தனக்குத்தானே கதைப்பது கேட்டது. சந்தோஷத்தில் அழுதேன்.

அடுத்த முறை போனபோது, முன்பு எரியவில்லை என்றவர்களும் "கொஞ்சம் எரியுது" என்றார்கள். டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் கணவர் எதையும் மறைக்கவில்லை.

"இருந்ததைப் பங்கிட்டம் டொக்டர். அதிலை என்ன பிழை?"

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெளி மருந்து முடியப்போகுது தம்பி. போரிக் மட்டும் காணுமோ (போதுமோ) எண்டு அறியத்தான் இதைத் தொடங்கினனான். காணாதெண்டால், மிச்சத்தை மோசமான ஆக்களுக்கெண்டு வைச்சிருப்பன். இனி எப்பிடி அறியிறது?"

ஆய்வு நின்றது. வெளி மருந்தும் முடிந்தது. மழைக்காலத்தில் மறுபடி சீழ் வந்தபோது போரிக் மட்டுமே இருந்தது. அது காணுமா என்று கேட்டேன். "தெரியாது தங்கச்சி," என்றார். தெரியாமலே துளியை விட்டேன். எரிந்தது. வேண்டாத கோயில் இல்லை. கிருமி உட்காதுக்குள் இறங்கிவிட்டது.

இப்படி ஓர் ஆய்வில் சேரப்போகும் உங்களிடம், மருந்தைப் பங்கிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். போத்தலை நீட்டிய அந்த மனிதரை நினைத்தால் கண்டிப்பு வரமாட்டேன் என்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மருந்து ஏன் இரண்டு வகை என்று டொக்டரைக் கேளுங்கள். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

முன்பு இரைச்சலுக்கும் குண்டுக்கும் நடுவில் எனக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. இப்போது அந்த நேரம் இல்லை. நிலம் அதிர்ந்தபின்தான் என் கால்கள் அறிகின்றன.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு போய் விளையாடச் சொன்னால் மகள் போகமாட்டாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதடு விளங்கும்படி மெதுவாகச் சொல்கிறாள்:

"நான் போனா, பொம்மர் வாறதை உங்களுக்கு ஆர் சொல்லுறது?"