மேட்டுக் கல்லூரியும் ஆர்டிஸ் தோர்சனும்

ஆர்டிஸ் தோர்சனை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது அவள் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அவளுக்கு நான் அடுத்த வீட்டுக்காரியும்கூட. ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று ஒரு தடவைதான் காட்டினேன். மறுநாள் நான் போவதற்குள் அவளே புரட்டி, முதுகைத் துடைத்து, விரிப்பையும் மாற்றியிருந்தாள். அழுதாளா என்றால், அழுதிருப்பாள், நான் பார்க்கவில்லை. அவர் போன பிறகு மாடி அறைகளைக் கல்லூரிப் பெண்களுக்கு விட்டுப் பிழைத்தாள்.

எங்கள் ஊரான கால்டரில் பாதி வீடுகள் அப்படித்தான் பிழைத்தன. ஐயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் மாதிரி ஊர்கள் நிறைய உண்டு: ஆறு, மில், ரயில் நிலையம், தானியக் கிடங்கு, பிரிவுக்கொன்றாக நாலு சர்ச். எங்களுக்குக் கூடுதலாக ஒரு கல்லூரி. கிழக்கிலிருந்து வந்த ஒரு போதகர் கல்லூரி கட்ட நிலம் கேட்டார். மில் முதலாளி ஊருக்கு மேலே இருந்த மேட்டைக் கொடுத்தார். தாராள மனசு என்று கல்வெட்டில் இருக்கிறது. மேடு முழுக்கச் சுண்ணாம்புக் கல், சோளம் முளைக்காது என்பது கல்வெட்டில் இல்லை.

போதகரிடம் கட்டடத்துக்குப் பணம் இருந்தது, விடுதிக்கு இல்லை. அதனால் மாணவர்கள் கீழே எங்கள் வீடுகளில் தங்கி, மேலே போய்ப் படித்தார்கள். நூறு வருடம் இப்படியே ஓடியது. நாங்கள் மேட்டுக்குப் போவது சமைக்க, பெருக்க, பாய்லருக்குக் கரி அள்ள. அதுவும் பின்வாசல் வழியாக. யாரும் தடுத்ததில்லை, முன்வாசலில் போகலாம் என்று எங்களுக்குத் தோன்றியதுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருடம் மேட்டில் பெண்களுக்கென்று விடுதி எழும்பியது. செப்டம்பர் முதல் எல்லா மாணவிகளும் அங்கேதான் தங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆர்டிஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வேறு வருமானம் கிடையாது, பிள்ளைகள் கிடையாது. அந்தப் பெண்களின் சத்தம் இல்லாத வீட்டில் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றிருப்பாள்.

மார்ச்சில் கல்லூரித் தலைவர் விட்லாக் அவள் வீட்டுக்கே வந்தார். கிழக்கே கனெக்டிகட்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். நானும் அப்போது அடுக்களை மேசையருகே உட்கார்ந்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு நேராகவே சொன்னார்.

"மிஸஸ் தோர்சன், புது விடுதிக்கு வார்டன் வேணும். உங்க வீட்ல இருந்த பொண்ணுங்க எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க. நீங்க வர்றீங்களா?"

ஆர்டிஸ் ஒரு துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். "அய்யோ, நான் எதுக்குங்க லாயக்கு? என்னைவிட நல்லாச் செய்யறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

"அப்படியா? சரி, உங்க மனசு எனக்குப் புரியுது," என்றார் அவர். காபிக்கு நன்றி சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்திய பிறகு நாங்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால், நீங்கள் இவ்வளவு சொல்வதால் சரி என்று வாங்கிக்கொள்வோம். சர்ச் விருந்தில் ஆப்பிள் பை என்கிற பலகாரத்தின் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். பாதி வெட்டுவார்கள், அந்தப் பாதியில் பாதி வெட்டுவார்கள், கடைசியில் விரல் நகம் அளவில் தட்டிலேயே காய்ந்துபோகும். ஆசை இருப்பதைக் காட்டுவது அவ்வளவு வெட்கம். என் தொழிலில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் வேண்டுமா என்று நோயாளியிடம் நான் கேட்பதே இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லி நாக்கு வறண்டு கிடப்பார்கள். டம்ளரை உதட்டில் வைத்துவிடுவேன்.

"அடுத்த வாரம் வருவாரு," என்றாள் ஆர்டிஸ்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. ஏப்ரலும் வந்தது. அவள் ஒவ்வொரு நாளும் பிற்பகல் காபி போட்டு வைத்து, பிறகு அதைத் தானே குடித்தாள்.

விட்லாக்கின் தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவரைக் குளிப்பாட்ட நான் தினமும் காலையில் மேட்டிலிருந்த அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். ஒரு நாள் பக்கத்து அறையில் விட்லாக் யாரிடமோ பேசுவது கேட்டது. பியோரியா நகரத்திலிருந்து ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமை வருகிறாள், பிடித்திருந்தால் அவளையே வார்டனாக வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். நேராக ஆர்டிஸிடம் வந்து சொன்னேன்.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "நல்லவங்களாத்தான் இருப்பாங்க."

"உனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"கிடைச்சா பரவாயில்லைன்னு..."

"ஆர்டிஸ்."

"வேணும்," என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே முகம் சிவந்துபோயிற்று. கிழங்கைப் பார்த்தே சொன்னாள்: "நீ எப்படியும் தினமும் அங்க போறவதானே."

"நான் போறது அவங்க அம்மா முதுகு தேய்க்க. உனக்காகக் கெஞ்ச இல்லை."

"கெஞ்சச் சொன்னேனா?"

"சொல்லல. நீ என்னைக்குத்தான் எதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க? நான் போய்ச் சொன்னா, பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்த வேலைன்னு காலம் முழுக்கப் பேசுவாங்க. மேட்டுல நாப்பது பொண்ணுங்களை மேய்க்கப் போறவ, நாலு படி ஏறி ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"ஊர்ல என்ன சொல்வாங்க, லியோட்டா?"

"நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான்னு சொல்வாங்க. சொல்லட்டும். நீ வீட்ல சும்மா உக்காந்திருந்தா மட்டும் உனக்கு என்ன மாலையா போடப்போறாங்க?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலை, நான் கிழவியின் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கையில் வாசல் மணி அடித்தது. சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டுடன், தொப்பி வைத்துக்கொண்டு, முன்வாசலில் ஆர்டிஸ் நின்றாள். விட்லாக்கும், மாணவிகளுக்குப் பொறுப்பாளரான மிஸ் பிரெண்டிஸும் காலை உணவை முடித்துப் பக்கத்துச் சாப்பாட்டு அறையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்; அவளை அங்கே அழைத்தார்கள். கிழவியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. யாரும் மூடச் சொல்லவில்லை, நானும் மூடவில்லை.

"மிஸ்டர் விட்லாக், எனக்கு அந்த வார்டன் வேலை வேணும்," என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். "ஆனா அன்னிக்கு நீங்க வேண்டாம்னுதானே சொன்னீங்க?"

"ஒரு தடவைதானே சொன்னேன்."

"எத்தனை தடவை சொல்வீங்க?"

"ரெண்டு. மூணாவது தடவை நீங்க கேட்டிருந்தா, வேற ஆள் கிடைக்கலன்னா வர்றேன்னு சொல்லியிருப்பேன்."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்படீன்னா போன வருஷம் நான் பொருளாளர் வேலைக்குக் கூப்பிட்டேனே, மிஸ்டர் கிராஃப்..."

"அவருக்கும் வேணும். அவர் சம்சாரம் இன்னும் உங்களைத் திட்டிக்கிட்டிருக்கா."

"சரி, இப்ப நான் ரெண்டாவது தடவை கேக்கறேன், மிஸஸ் தோர்சன்..."

"கேக்காதீங்க. கேட்டா என் வாய் தானா வேண்டாம்னு சொல்லிடும். நானே சொல்றேன், எனக்கு வேணும்."

இதுவரை பேசாமலிருந்த மிஸ் பிரெண்டிஸ் காபிக் கோப்பையை வைத்தார். கறாரான பெண்மணி, ஆனால் எதையும் மனதில் ஒளித்துவைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. "வேணும்கறது சரி. நாளைக்கு வர்றவங்க ரெண்டு காலேஜ்ல வார்டனா இருந்தவங்க. உங்களை ஏன் எடுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

எனக்குத் துண்டு கையில் நின்றுவிட்டது. வேலை வேண்டும் என்று சொல்வதாவது ஒரு சொல். தன்னைப் பற்றித் தானே நல்லது சொல்வது எங்கள் ஊரில் யாருமே செய்யாத காரியம். ஆர்டிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி என் காதில், "அந்தப் பொண்ணு விழுந்துடப் போகுது, நாற்காலி போடச் சொல்லு," என்றாள்.

ஆர்டிஸ் விழவில்லை. "எனக்குப் பொண்ணுங்களைப் பிடிக்கும். அவங்களுக்கும் என்னைப் பிடிக்கும்," என்றாள். பிறகு குரல் கொஞ்சம் தேறியது. "யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டு நினைப்பு, யாரு சும்மா படுத்திருக்கான்னு எனக்குப் பார்த்தாலே தெரியும். நான் கத்த மாட்டேன். ஆனா சொன்னா சொன்னதுதான். இந்த வேலையை நான் நல்லாச் செய்வேன்."

"கதவு அடைச்சப்புறம் ஒருத்தி பீர் வாசனையோட வந்தா?"

"காபியும் ரொட்டியும் கொடுத்துத் தூங்க வைப்பேன். காலையில கேப்பேன். ராத்திரியே கேட்டா பொய்தான் வரும்."

"எனக்குத் தகவல்?"

"காலையில அவளையே உங்ககிட்ட அனுப்புவேன். அவளே சொல்லட்டும்."

"அவ நம்ம நிர்வாகக் குழு உறுப்பினரோட பொண்ணா இருந்தா?"

"அப்பவும் அதே காபிதான்."

மிஸ் பிரெண்டிஸ் சிரிக்கவில்லை. ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம், காபி விஷயத்தில் தனக்கு உடன்பாடில்லை, அதைப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார். பியோரியா அம்மாளுக்கு அன்றே தந்தி போயிற்று. பாவம், அவள் பெட்டி கட்டியிருப்பாள். ஆனால் அவளுக்கு ஏற்கனவே ஒரு வேலை இருந்தது.

ஊர் பேசியது. எதிர்பார்த்ததுதான். ஆர்டிஸின் முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை; எங்கள் ஊரில் அதுவும் வழக்கமில்லை. சர்ச் அடுக்களையில் சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவியபடி பெர்னிட்டா டூவே, "நமக்கெல்லாம் அந்தத் துணிச்சல் வராதும்மா. தானாப் போய், எனக்கு வேணும், நான் நல்லாச் செய்வேன்னு சொன்னாளாமே," என்று சுவரிடம் சொன்னாள். மில் தெருவில் பெர்னிட்டாவும் விதவைதான். அவள் வீட்டு அறைகளும் செப்டம்பரில் காலியாகப் போகிறவைதான். அந்தக் கோடை முழுக்க ஆர்டிஸை யாரும் சர்ச் விருந்துக்கு உணவு செய்துவரச் சொல்லவில்லை. அவள் சொல்லாமலே செய்து எடுத்துப்போய் மேசையில் வைத்தாள். சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அவள் மேட்டுக்குக் குடிபோன நாளன்று, யாரையும் கூப்பிடவில்லை. காலையில் பார்த்தால் வாசலில் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டிகள் மூன்று. சர்ச் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தியும் வாழ்த்துச் சொல்லவில்லை. கட்டிலைக் கழற்றினார்கள், பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினார்கள், மழை வரும்போலிருக்கிறது என்றார்கள்.

வார்டனுக்கு விடுதியின் இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். கட்டிலை மறுபடி பூட்டி, ஆர்டிஸ் ஒரு முனையையும் பெர்னிட்டா மறு முனையையும் பிடித்து உள்ளறைக்கு நகர்த்தினார்கள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. பெர்னிட்டா எட்டிப் பார்த்தாள்.

"வெந்நீர் குழாயிலயே வருதா?"

"வருது."

"குளிர்காலத்துலயும்?"

"பாய்லர் இருக்கே."

பெர்னிட்டா கொஞ்ச தூரம் கட்டிலைத் தள்ளினாள். "கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்பார்வைக்கு ஆள் தேடறாங்களாமே."

"தேடறாங்க."

"நமக்கெல்லாம் அது ஒத்து வராது."

ஆர்டிஸ் கட்டிலை நிறுத்தவில்லை. "ஒத்து வராதுன்னா விடு. ஒத்து வரும்னா மிஸ் பிரெண்டிஸ் கீழதான் இருக்காங்க. பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

பெர்னிட்டா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றினாள்.

"லியோட்டா, இதைக் கொஞ்சம் பிடி," என்று கட்டிலின் முனையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். நல்ல ஓக் மரம், கனம். நானும் ஆர்டிஸும் அதைச் சுவரோரம் இறக்கி வைத்தோம்.